அனாமத்துக் கணக்கு

மார்க்கெட்டிங் எடுத்தவர்கள் முதல் பெஞ்சு.
நிதி எடுத்தவர்கள் ஜன்னலோரம், கால்குலேட்டரோடு.
மனிதவளம் ஏழு பேர்; எப்போது பார்த்தாலும்
யாருக்காவது கேக் வெட்டிக்கொண்டிருப்பார்கள்.
மிச்சமிருந்த நாங்கள்
பொது.

விருப்பப் பிரிவு என்ற கட்டத்தை
நான் காலியாகத்தான் விட்டிருந்தேன்.
ஆபீஸ் கிளார்க் பச்சை மையில் நிரப்பிவிட்டார்.

மார்த்தாண்டம் பஸ்ஸில்
மீன்சட்டியை மடியில் வைத்திருந்தவள் கேட்டாள்:
"பி.பி.ஏ. பொதுவா? பொதுன்னா
எல்லாம் உண்டா மக்களே, ஒண்ணும் இல்லியா?"

பொதுப் பெட்டியில் உட்கார இடம் கிடைக்காது,
ஆனால் ரயில் அதே ஊருக்குத்தான் போகும் என்று
பதில் தோன்றியது
மறுநாள் பல் தேய்க்கும்போது.

*

ஒரே சந்தை, ஒரே பொருள், ஒரே விலை
என்றார் செலின்ரோஸ் மிஸ்.
இரண்டு கோடுகள் வெட்டிக்கொண்ட இடத்தில்
சாக்பீஸால் அழுத்திப் புள்ளி வைத்தார்.

களியக்காவிளையில் அந்தப் புள்ளி
வைத்த இடத்தில் நிற்பதில்லை.
எல்லையை யாரும் பார்த்ததில்லை;
தார் கொஞ்சம் நிறம் மாறும்,
கடைப் பலகையில் எழுத்து இன்னும் உருண்டையாகும்.
அதற்குள்
பெட்ரோல் விலை ஏறிவிடும்.
அதற்குள் லாட்டரி
குற்றமில்லாததாகிவிடும்.

அதையே செயல்திட்டமாக எடுத்தோம்.
'எல்லைப்புற நுகர்வோர் நடத்தை: ஓர் ஆய்வு.'
ஞாயிறு ஆறு மணி முதல் பதினொன்று வரை
பங்க் ஓரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
ஷிஜின்ராஜும் நானும் எண்ணினோம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு வண்டி.
நூற்றுக்கு அறுபது கேரளப் பலகை.
ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டதற்கு
விலை என்றார்கள், விலை என்றார்கள்,
ஒருத்தர் மட்டும்
"காற்று இவிடெ ஃப்ரீயல்லே" என்றார்.
அவரை 'இதர' என்ற வரிசையில் சேர்த்தோம்.

இங்கே வருகிறவர்களை எண்ணினால்
அங்கே போகிறவர்களையும் எண்ண வேண்டாமா?
ஷிஜினுக்குக் கடைசி பஸ் ஏழரைக்கு.
இஞ்சிவிளைக்கு நான் தனியாகப் போனேன்.

கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கும் சீட்டுகள்,
அதன் கீழே டியூப்லைட், டியூப்லைட்டில் ஈசல்.
எதிர்க் கடையில் ஒரு நாரங்கா சோடாவை
ஒரு மணி நேரம் குடித்தேன்.
நம் பக்கத்து வண்டிகள் இருபத்துமூன்று.

இருபத்துநான்காவதற்கு
மட்கார்டில் விரிசல்; விரிசல் மேல் செல்லோடேப்.
அந்த டேப்பை ஒட்டியவள் நான்.

அப்பா ஐந்து சீட்டு கேட்டார்.
ஒவ்வொன்றின் கடைசி எண்ணையும்
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.
ஒன்றைத் திருப்பிக் கொடுத்து
வேறொன்று வாங்கினார்.
எனக்குச் செருப்பு எடுக்கும்போதுகூட
இத்தனை நேரம் ஆனதில்லை.

வீட்டில், சோறு போட்ட அம்மாவிடம்
"ரப்பர் ஷீட்டுக்கு வெலை கேக்கப் போனேன்" என்றார்.

இரண்டாம் தவணை கட்டாதவர்கள் பட்டியல்
கல்லூரி நோட்டீஸ் போர்டில் இருந்தது.
அகர வரிசை.
ஆக்னல் பிரைட்டி, மூன்றாவது.

*

முதலாமாண்டிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள்:
இருப்பாய்வு சரியாக வரவில்லையென்றால்
அடிக்காதே, திருத்தாதே,
வித்தியாசத்தை எடுத்து
அனாமத்துக் கணக்கில் வை.
பிழை கிடைக்கிற அன்று எழுதிக்கொள்ளலாம்.

அட்டவணை ஏழில்
இருபத்துமூன்று என்று தட்டச்சு செய்தேன்.

வெளித்தேர்வாளர் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தார்.
அந்தப் பக்கத்துக்கு வரும்போது
அவருக்கு போன் வந்தது.
பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.
ஷிஜினிடம் மட்டும் ஒரு கேள்வி:
'இதர' என்றால் என்ன?
காற்று சார், என்றான்.

பரீட்சைக்கு முந்தின வாரம்
ஃபிரிட்ஜ் மேல் ரசீது இருந்தது,
இரண்டாம் தவணை, முழுத்தொகை,
பறக்காமலிருக்க அதன்மேல் ஸ்கூட்டர் சாவி.
எந்த வரவிலிருந்து என்று நான் கேட்கவில்லை.
ரப்பர் ஷீட் என்ன விலை போகிறதென்று
அவரும் சொல்லவில்லை.

சாவியைத் தூக்கி, ரசீதை எடுத்துக்கொண்டு,
சாவியை அதே இடத்தில் வைத்தேன்.